ஆயில் லைட்

“சிவப்பா ஒரு லைட்டு எரியுது, டாரில். அணையவே மாட்டேங்குது.”

நரெல் வண்டி ரேடியோவின் பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். பின் சீட்டில் ஐந்து வயது பாப்பி பொம்மையைக் கட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலில் பாதிதான் மிச்சம். குயின்ஸ்லாந்து வெயில் காரை அடுப்பாக்கிக்கொண்டிருந்தது.

“எந்த லைட்டு? ஒழுங்கா சொல்லித் தொலை.” வீட்டிலிருந்து டாரிலின் குரல் வந்தது. மாடுகளுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வரச் சொல்லி, காலையில் அவளை வடக்கு போர்வெல்லுக்கு அனுப்பியவனும் அவன்தான்.

“கெண்டி மாதிரி இருக்கு. மூக்கு நுனியில ஒரு சொட்டு.”

“ஆயில்டி அது! பார்த்துட்டுப் போன்னு சொன்னேனா இல்லையா?”

“பானெட்டைத் தொடக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்க?”

அந்த வட்டாரத்தில் செல்போன் எடுக்காது. எல்லாருக்கும் ரேடியோதான், அதிலும் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. புருஷன் பெண்டாட்டி பேச்சு வந்துவிட்டால் எந்தப் பண்ணையிலும் மிக்ஸியைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

“கண்ணு, ஆயில்னா வண்டிய நகத்தவே கூடாது.” பக்கத்துப் பண்ணை கிளெனிஸ், யாரும் கூப்பிடாமலே உள்ளே நுழைந்தாள். பக்கத்துப் பண்ணை என்பது ஒரு மணி நேர ஓட்டம். அவள் காது மட்டும் எப்போதும் அடுத்த அறையில் இருக்கும்.

“அது எனக்குத் தெரியாதா, கிளெனிஸ்? நரெல், எங்க நிக்கிற?”

“போர்வெல்லுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

“அங்கேயே இரு. கிரிக்கெட் முடியட்டும், சாயங்காலமா வர்றேன்.”

சாயங்காலம் என்றால் எல்லாம் கைமீறிப் போய்விடும். அவன் இப்போதே கிளம்ப வேண்டும். நரெலுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“சாயங்காலமா? பிள்ளை வெந்து போயிடும்டா!” கிளெனிஸ் விடவில்லை. “ஊர் ரோட்டுல நின்னிருந்தாலாவது யாராச்சும் பார்த்திருப்பாங்க. ஆனா அதுக்கு உன் வாசலைத் தாண்டணுமே! நீதான் வராந்தாவுல நாற்காலியப் போட்டுக்கிட்டு எழுந்திரிக்கவே மாட்டியே. நரெல் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்து ரெண்டு வருஷமாச்சு.”

“உன் வீட்டு வேலையப் பாரு.”

ரேடியோவில் எங்கோ ஒருவர் இருமினார். இன்னொருவர் சிரிப்பை அடக்கியது தெளிவாகவே கேட்டது.

டாரிலுக்கு உறைத்திருக்க வேண்டும். வாத்தியார் குரலுக்கு மாறினான். வண்டியைப் பார்க்காமலே கோளாறைச் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவனுடைய நெடுநாள் நினைப்பு.

“எஞ்சினை நிறுத்து. சாவிய மட்டும் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாத. இப்ப எந்தெந்த லைட்டு நிக்குது?”

“எல்லாம் வந்துச்சு... அப்புறம் அணைஞ்சிடுச்சு. ஆயில் லைட்டு மட்டும் நிக்குது.”

“பேட்டரி லைட்டு?”

இது புதுக் குரல். மாடு ஏற்றிக்கொண்டு தார்கோமிண்டா பக்கம் போய்க்கொண்டிருந்த லாரிக்காரன். ஆறரை அடி உயரம். ஆகவே ஊரே அவனை ஷார்ட்டி என்றுதான் கூப்பிடும்.

“எஞ்சின் ஓடலைன்னா ஆயிலும் பேட்டரியும் சேர்ந்துதானே எரியும்? அதெப்படி ஒண்ணு மட்டும்?”

நரெல் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“கேக்குறான்ல? சொல்லுடி,” என்றான் டாரில். “எரியுதா, இல்லையா?”

“எரியுது... அதுவும்தான் எரியுது. ஆயிலையே பார்த்துட்டிருந்தேன். பதட்டத்துல சொல்ல விட்டுப்போச்சு.”

“ரெண்டு லைட்டை எண்ணத் தெரியல. உன்கிட்ட வண்டியக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

லாரியின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு ஷார்ட்டி தொண்டையைச் செருமினான்.

“மச்சான், ஆயில் பம்ப் போயிருக்கும்னு தோணுது. அவ பயத்துல இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணினா, எஞ்சின் மொத்தமா இறுகிடும். அப்புறம் குப்பையிலதான் போடணும். நீ இப்பவே கிளம்பு.”

பெண்டாட்டி பிள்ளைக்கு அசையாதவன் எஞ்சினுக்கு அசைந்தான்.

“சாவிய உருவி வெளிய வை. எதையும் தொடாத. இதோ கிளம்பிட்டேன்.”

நரெல் ரேடியோவை அணைத்தாள். பாட்டிலைத் திறந்து பாப்பியிடம் நீட்டினாள்.

“குடி. முழுசாவே குடிச்சிடு.”

ரொம்ப நேரம் ஆகவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம், வீட்டு வாசலில், பிக்கப் வண்டியின் உறுமல் கேட்டது. முள்மரங்களுக்கு மேலே சிவப்புத் தூசி வால் பிடித்தாற்போல் எழும்பியது.

பாப்பி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். “அம்மா, அப்பா வண்டி! நம்மகிட்ட வர்றாரா?”

தூசி மெலியும்வரை நரெல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாவியைத் திருகினாள். ஆயிலும் பேட்டரியும் சேர்ந்து எரிந்தன. எஞ்சின் பிடித்ததும் சேர்ந்தே அணைந்தன. அவள் காரை ஊர் ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

“இல்லடா செல்லம். வடக்க போறார்.”