தெல்மாவுக்கு வந்த மயக்கம்

மினசோட்டா ஆளுநர் தேர்தலில் ரோல்ஃப்தான் கட்சியின் வேட்பாளர். துணை ஆளுநர் பதவிக்குத் தன்னோடு நிற்கத் தெல்மாவைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அவர் சொன்னதும், பிரசாரத்தைக் கவனிக்கும் நண்பர் கிளின்ட் கொதித்துப் போனார்.

"உனக்கென்ன பைத்தியமா? உட்கட்சித் தேர்தல்ல உன்னையே எதிர்த்து நின்னு, கிழிகிழின்னு கிழிச்சவ!"

"நல்லாவே கிழிச்சாங்க."

"கடைசி விவாதத்துல மயக்கம் வருதுன்னு பாதியில நிறுத்தச் சொன்னா. டிவியில ஊரே பார்த்துச்சு. நிக்கவே தெம்பில்லாதவன்னு சிரிச்சாங்க, அதுலதான் தோத்தா. அவளைப் போய்..."

ரோல்ஃப் குறுக்கிட்டார்.

"அன்னிக்கு மயக்கம் வந்தது அவங்களுக்கு இல்லடா, எனக்கு. சர்க்கரை இறங்கி நாக்கு குழற ஆரம்பிச்சுது. பக்கத்துல நின்ன அவங்க மட்டும்தான் கவனிச்சாங்க. தனக்குன்னு சொல்லி நிறுத்திட்டு, மேடைக்குப் பின்னால வந்து எனக்கு ஆரஞ்சு ஜூஸ் குடிக்க வச்சாங்க. இன்னிவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல."

கிளின்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "இது வெளிய தெரிஞ்சா உன் ஓட்டுதான் குறையும்" என்றார்.

"குறையட்டும். நாளைக்கு மேடையில நானே சொல்லப்போறேன்."

"தெல்மா என்ன சொல்றா?"

"என்கூட நிக்க உடனே ஒத்துக்கிட்டாங்க. இதைச் சொல்லவே கூடாதுன்னுதான் இன்னும் சண்டை போடறாங்க."