மஞ்சள் கையுறை

"நாளையிலேருந்து இதை மாட்டிக்கிட்டுதான் வேலை செய்யணும்" என்று வீட்டுக்கார அம்மா மஞ்சள் கையுறையை நீட்டியதும் வேலைக்காரி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கக்கூஸ் கழுவும் ஆசிட் தின்றதுபோக மிச்சமிருந்த விரல்கள் அவளுக்கு. உப்பு பட்டாலே உயிர் போகும்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் காட்டினாள். "பெத்த பொண்ணு, உனக்குத் தோணலை பாரு. அந்தம்மாவுக்குத் தோணியிருக்கு. தங்கமான மனசு."

மறுநாள் கையுறையோடு முதல் வேலையாக ஆசிட் பாட்டிலைத் திறந்தாள். கழிவறை வாசலில் வந்து நின்ற அம்மாவுக்கு முகம் கடுத்தது.

"அதை எதுக்கு இங்கே போட்டிருக்கே?"

"கை வெந்துடும்னுதானேம்மா குடுத்தீங்க?"

"நல்லா இருக்கு. இதைக் கழுவுற கையாலதானே நாங்க சாப்பிடுற தட்டையும் தேய்க்கிறே? அதுக்குக் குடுத்தேன். கழட்டி சமையலறையில வை. இங்கே எப்பவும்போல வெறுங்கையே போதும்."