துப்பல் வாளி

சிங்கிள் மால்ட் விஸ்கிகளுக்கு மதிப்பெண் போடும் கூடத்தில் சவரிமுத்துவுக்குத் துப்பல் வாளி தூக்கும் வேலை. நடுவர்கள் ஆறு பேர். கிளாஸைச் சுழற்றுவார்கள், மூக்கை உள்ளே விடுவார்கள், ஒரு மடக்கு வாயில் உருட்டி வாளியில் துப்பிவிட்டு, புகை, ஈரச்சாக்கு, எண்பத்தெட்டு என்று தாளில் எழுதுவார்கள். வாய்க்குள் போன சரக்கைத் துப்பவும் முடியும் என்பது, குடியை விட்டு ஏழு மாதமான அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசிச் சுற்றில் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ள, வாளி அப்படியே அவன் மார்பில் கவிழ்ந்தது.

"பாத்துப்பா, எல்லாம் பதினெட்டு வருஷச் சரக்கு" என்று அவர் சிரித்தார்.

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு நாள் வாடை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மனைவி அமலோற்பவம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். பேருந்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

வாசலிலேயே அவள் முகம் மாறிவிட்டது.

"அவங்க துப்புனது மேல கொட்டிருச்சு, அமலி."

"விஸ்கியத் துப்புனாங்களாக்கும். கதை புதுசா இருக்கு."

"சத்தியமாத்தான்."

"வாயத் தொறங்க."

திறந்தான். சட்டையருகே ஒரு தடவை, வாயருகே ஒரு தடவை, மறுபடியும் வாயருகே. அந்த ஆறு பேரில் ஒருவர்கூட அவ்வளவு நேரம் மோந்து பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கழட்டுங்க" என்றாள். "சட்டைதான் குடிச்சிருக்கு."

வெற்றுடம்போடு உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். துவைத்துப் போட்ட சட்டை கொடியில் தள்ளாடிக்கொண்டிருந்தது.