பொறி வராத வண்டி

“தொழில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

ஓவர்சியர் போட்ட சத்தத்தில், ரிப்பேருக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பழைய வண்டி சார். கோளாறு பிடிபட மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க” என்றான் மெக்கானிக், தலையைச் சொறிந்தபடி.

“இதையேதான் மூணு வாரமா சொல்றே. பிளக்கை மாத்தினே, காயிலை மாத்தினே, கண்டென்சரை மாத்தினே. இன்னும் என்னை ஒருத்தனைத்தான் மாத்தலை!”

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அறுபது வருஷத்து மோட்டார் சைக்கிள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அந்தச் செல்லம் கிடையாது. மெடிக்கல் லீவில் வீட்டில் அடைந்து கிடக்கிறவருக்கு அதில் ஒரு சுற்றுப் போய்வந்தால்தான் மூச்சு வரும்.

தினமும் காலையில் பட்டறைக்கு நடந்தே வந்துவிடுவார். அவர் எதிரில் மெக்கானிக் நாலு உதை உதைப்பான். வண்டி இருமக்கூட இருமாது. “தள்ளு, நான் உதைக்கிறேன்” என்றால் மட்டும், “வேணாம் சார், கிக்கர் திருப்பி அடிச்சா கால் போயிடும்” என்று குறுக்கே வந்து நிற்பான்.

அன்று அவன் கை கழுவ உள்ளே போன நேரம், ஓவர்சியர் ஸ்குரூடிரைவரை எடுத்து இன்ஜின் பக்கத்து மூடியைத் தானே கழற்றினார்.

தீப்பொறிக்குக் காரணமான இரண்டு பாயின்ட்டுக்கும் நடுவே மடித்த காகிதத் துண்டு ஒன்று! அது இருக்கும்வரை எந்தக் கொம்பன் உதைத்தாலும் வண்டி கிளம்பாது.

“பாருங்க சார் அநியாயத்தை! பேப்பரைச் சொருகி வச்சிட்டு மூணு வாரமா நாடகம் ஆடியிருக்கான்.”

ஸ்கூட்டர்காரர் சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பினார்.

ஓவர்சியர் காகிதத்தை உருவி எறிந்துவிட்டு, வண்டிமேல் ஏறிக் கிக்கரில் காலை வைத்தார்.

ஈரக் கையோடு ஓடிவந்த மெக்கானிக், தரையில் விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

“இப்ப காலைப் பிடிச்சா, செஞ்ச திருட்டுத்தனம் இல்லைன்னு ஆயிடுமா?”

“உதைக்காதீங்க சார், தையல் பிரிஞ்சிடும்! குடலிறக்க ஆபரேஷன், ரெண்டு மாசத்துக்குக் கிக்கரைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே. நீங்க கேக்க மாட்டீங்கன்னு உங்க வீட்டு அக்கா இங்க வந்து அழுதாங்க. வண்டி முதல் நாளே ரெடி சார்.”

ஓவர்சியர் மெதுவாக இறங்கினார்.

“ஊர் பூரா உன்னைத் தொழில் தெரியாதவன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனேப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்ல மாட்டேன்னு அக்காவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன் சார்.”

ஓவர்சியர் கறை போகாத அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “நீ நல்லா இருக்கணும்பா” என்றார். பிறகு தெருப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஸ்கூட்டர் சார், போகாதீங்க! என் வண்டி இன்னும் கிளம்பலைதான். ஆனா உங்க வண்டியை இவன்கிட்டயே விடுங்க.”