ஏறாத பயணி

பெண்களுக்குப் பேருந்தில் இலவசம்தான், பேருந்துதான் நிற்காது. டிக்கெட் வாங்கும் ஆண் ஒருவராவது நிறுத்தத்தில் நிற்கிறாரா என்று ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி தூரத்திலேயே பார்த்துவிடும். இல்லையென்றால் வேகமெடுக்கும். நஷ்டத்தைக் குறைக்கும் திட்டமாம்!

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஜெனிட்டா, ஜவுளிக்கடையில் கழித்துப்போட்ட ஆண் பொம்மைக்குச் சட்டை மாட்டி எங்கள் நிறுத்தத்தில் நிற்க வைத்தாள். அன்றிலிருந்து பேருந்து பணிவாக நின்றது. நாங்கள் ஏறிக்கொண்டோம்.

அடுத்த மாதம் போக்குவரத்துத் திட்ட அதிகாரி காரில் வந்து இறங்கினார்.

"இங்க ஒருத்தர் தெனமும் நிக்கிறாராம், ஏறவே மாட்டேங்கிறாராம். ஏசி பஸ் விட்டா ஏறுவாரான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

ஜெனிட்டா பொம்மையின் காலரைச் சரிசெய்தாள்.

"கேளுங்க சார். நாங்க வருஷக்கணக்கா கத்துனோம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இவரு வாயே தெறக்கல, நீங்களே வந்துட்டீங்க."