முகம் மட்டும்

டிவி பெட்டியில் ஐயருடைய முகம் மட்டும்தான் தெரிந்தது.

பீடம் இல்லை. பின்னாலிருக்கும் சிலுவை இல்லை. வெள்ளை அங்கிகூடக் கழுத்தோடு நின்றுவிட்டது. நெற்றியிலிருந்து தாடை வரை, திரை முழுக்க முகம்.

ஜார்ஜுக்கு அது பிடிக்கவில்லை. தன்னைக் காட்டிக்கொள்ளவா பிரசங்கம்?

ஆம்பூர் ஆலயத்தின் பக்கத்து அறையில் கமிட்டிக்காரர்கள் கூடியிருந்தார்கள். பேரணாம்பட்டைச் சுற்றியுள்ள கிராம சபைகளுக்கு, போதகர் சாந்தகுமார் ஐயரால் மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. மற்ற ஞாயிறுகளில் அங்கே அவருடைய பிரசங்கத்தை வீடியோவில் போட்டுக் காட்டலாமா, கூடாதா என்பதுதான் பேச்சு. தான் எதிரே இருந்தால் யாரும் மனதில் பட்டதைச் சொல்ல மாட்டார்கள் என்று, ஐயர் பள்ளிகொண்டாவில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அவர் மனைவி சாரா மட்டும் வந்து, டிவிக்கு நேரே முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கமிட்டிச் செயலாளர் ஜார்ஜுக்கு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வாரமெல்லாம் மெஷின் இரைச்சலில் கிடக்கிற அவர் காதுக்கு ஐயரின் குரல்தான் ஞாயிற்றுக்கிழமை. ஐயர் மாற்றலாகி வந்த இந்தச் சில மாதங்களில் ஒரு பிரசங்கத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை. அந்தக் குரலின் மேல் இருந்த ஆசையினாலேயே வீடியோவை எதிர்த்தார்.

"கடவுள் மனுஷனாவே இறங்கி வந்தாரு. ஒரு பெட்டிய அனுப்பிட்டு மேல உக்காந்துக்கல" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

சாரா மேல் அவருக்குத் தனியாக ஒரு குறை உண்டு. வாசலில் ஸ்தோத்திரம் சொன்னால் சில நாள் பதில் வரும், சில நாள் வராது. ஊரே சொக்கிப்போய்க் கேட்கிற பிரசங்கத்தின்போது, அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். படித்த வீட்டுப் பெண், கொஞ்சம் கர்வம் என்று நினைத்துக்கொள்வார் ஜார்ஜ்.

பிரசங்கம் பாதியை எட்டியபோது சத்தம் நின்றது.

கை கால் விளங்காத ஒருவனை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வந்த கதையை ஐயர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது உதடுகள் அசைந்தன, குரல் இல்லை. கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற ரஃபி அகமதுதான் இந்தப் படத்தையும் எடுத்தவர். கேசட் ஓடிய டெக்கின் ஒயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். டிவியின் தலையில் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னா ரஃபி, பெட்டி ஊமையாய்டுச்சா?" ஜார்ஜ் எழுந்தார். "அவ்ளோதான் இதோட லட்சணம். எந்திரிங்க எல்லாரும்."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

அப்போதுதான் அந்த முணுமுணுப்பு கேட்டது.

"வாசல் முழுக்க ஜனங்கள். உள்ளே போக வழியில்லை. ஆனால் தூக்கி வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரை மேல் ஏறினார்கள்."

சாராதான். கண் திரையை விட்டு நகரவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாத மெல்லிய குரல். ஒரு சொல் அழுந்தி வந்தது, அடுத்தது காற்றாகத் தேய்ந்தது.

மனப்பாடம் செய்திருக்கிறார் என்று நினைத்தார் ஜார்ஜ். வீட்டில் ஒத்திகை பார்த்திருப்பார்கள்.

திரையில் ஐயர் தும்மினார். உதடு அசைந்தது.

"மன்னிக்கணும்" என்றார் சாரா.

எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஆஸ்பத்திரி சிஸ்டர் டோரதி, பின் வரிசையிலிருந்து, "அம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள். சாரா திரும்பவில்லை. அவள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அப்போதும் இல்லை.

டோரதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜார்ஜண்ணே, இவங்களுக்குக் காது கேக்காதுண்ணே. டிவில சத்தம் நின்னதே இவங்களுக்குத் தெரியல."

முதலிலிருந்தே சாரா இப்படி வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஐயரின் குரல் அதை மூடியிருந்தது.

ஜார்ஜ் ரஃபியைப் பார்த்தார். ரஃபி தலையைச் சொறிந்தார்.

"ஐயரு யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு சார். சின்ன வயசுல டி.பி.க்குப் போட்ட ஊசில அம்மாவுக்குக் காது போய்டுச்சாம். கல்யாணமானதுலேர்ந்து அவரு பிரசங்கம் ஒண்ணுகூட கேட்டதில்லையாம். மேடை உசரம், மைக் வேற வாய மறைச்சிடுது. கமிட்டி இன்னா முடிவு வேணா பண்ணட்டும், உதடு நல்லா தெரியற மாதிரி எனக்கு ஒரு தடவ எடுத்துக் குடுன்னாரு."

ரஃபியின் கை மறுபடி ஒயருக்குப் போனது.

"தொடாத. ஓடட்டும்" என்றார் ஜார்ஜ்.

நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து, சாராவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். கூரை பிரிந்தது, கயிறு இறங்கியது, படுத்திருந்தவன் எழுந்தான். எல்லாம் அந்தத் தட்டையான குரலில். அதுவரை கேட்ட எந்தப் பிரசங்கமும் ஜார்ஜை அப்படி உலுக்கியதில்லை.

பின்னாளில் அந்த கேசட் கிராமங்களுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஜார்ஜும் கூடவே போனார். பெட்டியைத் தனியாக அனுப்ப அவருக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.

அன்றைக்குப் பிரசங்கம் முடிந்ததும், "ஜெபிப்போம்" என்றார் சாரா.

எல்லோரும் தலை குனிந்து கண்களை மூடினார்கள். குரல் தொடர்ந்தது. கண்ணை மூடிவிட்டால் இந்த அம்மாள் எப்படி ஜெபிப்பார் என்று தோன்ற, ஜார்ஜ் மெல்லத் தலையைத் தூக்கினார்.

சாரா கண்ணை மூடாமல்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஐயரும் கண்ணை மூடவில்லை.