ஆறும் ஆறும் பன்னிரண்டு

ஸ்டுடியோவில் பன்னிரண்டு கம்பி கிடார் இல்லை. அதனால் சாதாரண கிடாரின் தடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பிகளை மாட்டியிருந்தார் கிடார்காரர். நேற்றுப் பதிவான சாதாரண கிடாரோடு இம்மி பிசகாமல் வாசித்தால், இரண்டும் கலந்து பன்னிரண்டு கம்பியாகக் கேட்கும்.

சேரவில்லை. காலையிலிருந்து கம்பி அறுந்ததுதான் மிச்சம்.

"உங்க மேல தப்பில்ல சார்," என்றார் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஒலிப்பதிவாளர். "நேத்து வாசிச்சவரு தாளத்தை இழு இழுன்னு இழுத்திருக்காரு."

கிடார்காரர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா. தூங்கிக்கிட்டே வாசிச்சிருப்பான் போல."

"சரணத்துல பாருங்க, ஓடுறாரு."

"பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பான். இவனையெல்லாம் யாரு உள்ள விட்டது?"

பின்னால் வந்து நின்ற இசையமைப்பாளரின் காதில் அது விழுந்தது. நேற்று அவர் ஊரில் இல்லை. பதிவைப் போடச் சொல்லிக் கேட்டார். முகம் கடுகடுத்தது.

"நீங்க சொல்றது சரிதான். அந்த ஆளை இனிமே இந்தப் பக்கமே கூப்பிட வேண்டாம்." மேனேஜரை அழைத்தார். "நேத்து யாருய்யா வாசிச்சது?"

மேனேஜர் கிடார்காரரைப் பார்த்தார்.

"இவரேதான் சார். அருமையா வந்திருக்கு, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டுக் கிளம்பினதும் இவர்தான்."